அறுபத்தோராம் பத்தி

பொறாமை என்று சொன்னால் ஹெஸ்டர் லாங்ரிட்ஜுக்குக் கோபம் வரும். "தொழில்முறைக் கருத்து வேறுபாடு" என்பாள். நாம் பொறாமை என்றே சொல்லுவோம். ஐந்து வருடமாக வயிற்றில் எரிந்துகொண்டிருப்பதற்கு மரியாதையான பெயர் வைத்தால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

லண்டனில், சான்சரி லேனுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய அலுவலகம். மாடியில் இரண்டு அறை, கீழே செருப்பு தைக்கிற கடை. ஹெஸ்டர் சொலிசிட்டர். கட்சிக்காரரைப் பார்த்துப் பேசி, காகிதங்களைத் தயார் செய்து, நீதிமன்றத்தில் வாதாட வேறொருவரை அமர்த்துகிற வக்கீல். எடுப்பது அந்தரங்க வழக்குகள் மட்டும். யாரோ ஒருவரின் படுக்கையறையையோ மருந்துச் சீட்டையோ பத்திரிகை தூக்கிக்கொண்டு வந்து தெருவில் விரிக்கும்போது அவளிடம் ஓடி வருவார்கள்.

ஆனால் அவள் உயிர் இருந்தது அந்த வேலையில் அல்ல, வலைப்பதிவில். பதினோரு வருடமாக, அந்தரங்கம் பற்றி எந்த நீதிபதி எந்தத் தீர்ப்புச் சொன்னாலும் அன்று மாலைக்குள் அவள் குறிப்பு வந்துவிடும். ஒன்றுகூட விட்டதில்லை. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் முழ நீளத்துக்குப் பொய் போட்டுவிட்டு, முப்பத்தெட்டாம் பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே இரண்டு வரி வருத்தம் தெரிவித்தால், ஹெஸ்டர் அடிக்கோல் வைத்து இரண்டையும் அளப்பாள். தவறு இத்தனை சதுர சென்டிமீட்டர், திருத்தம் இத்தனை என்று போட்டுவிடுவாள். ஆசிரியர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

அப்படி இருந்த இடத்தில்தான் டாமினிக் ஸ்லேட் வந்து சேர்ந்தான். அவளைவிடப் பதினான்கு வயது இளையவன், நீதிமன்றத்தில் வாதாடுகிறவன். ஹெஸ்டரின் குறிப்பு மாலை வரும் என்றால் அவனுடையது மதியத்துக்கு முன்பே வந்துவிடும். அவளுடையதில் அடிக்குறிப்பு இருக்கும், அவனுடையதில் சிரிப்பு இருக்கும். அவளுக்கு நல்ல நாளில் நானூறு பேர், அவனுக்கு மோசமான நாளில் நாலாயிரம். இது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் பக்கத்தின் அடியில் வாசகர் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் அதைப் பார்த்து, வயிறெரிந்து, அதற்கப்புறம்தான் அவள் பல் துலக்குவாள்.

அந்த வருடம் அவள் கையில் ஒரு வழக்கு இருந்தது. வாதி ஒரு கடற்கரைச் சிற்றூரின் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை. அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை, ஊர்ப் பெயரும் வேண்டாம். வழக்குக் காகிதங்களில் அவள் டி.எச்., நமக்கும் அதுவே போதும். பத்தொன்பது வருடத்துக்கு முன் பிறந்த குழந்தை ஆறாம் நாள் இறந்துபோக, டி.எச். நான்கு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தாள். அந்தக் கோப்பு எப்படியோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் கைக்குப் போய்விட்டது. "பெற்றோர்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டு ஒரு நிருபர் அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பினான்.

முதல் நாள் ஹெஸ்டரின் அறைக்கு வந்த டி.எச். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு நஷ்ட ஈடு எல்லாம் வேண்டாங்க. தினம் காலையில பள்ளிக்கூட வாசல்ல நின்னு ஒவ்வொரு குழந்தைக்கும் பேர் சொல்லி வணக்கம் சொல்லுவேன். நாளைக்கும் அங்க நிக்கணும். யாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்."

"நிப்பீங்க," என்றாள் ஹெஸ்டர். அந்தச் சொல்லை அவள் மனதாரச் சொன்னாள். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் மேல் அநியாயமாகிவிடும்.

வழக்கு நடந்தது. டி.எச். என்ற இரண்டு எழுத்துக்கு மேல் யாரும் எதையும் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. விசாரணை முடிந்து ஏழு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், நீதிபதி பென்ட்லோ அம்மையாரின் வரைவுத் தீர்ப்பு மின்னஞ்சலில் வந்தது.

இது அங்கே உள்ள வழக்கம். தீர்ப்பு ஊருக்குத் தெரிவதற்குச் சில நாள் முன்பே இரு பக்க வக்கீல்களுக்கும் வரும். எழுத்துப் பிழை, தேதிப் பிழை இருந்தால் பட்டியல் அனுப்பலாம். வாதாடக் கூடாது, வெளியே மூச்சுவிடக் கூடாது. பெயர் மறைத்த வழக்கு என்றால் இன்னொரு கடமையும் உண்டு. மறைத்த பெயர் எங்காவது கசிந்திருக்கிறதா என்று பேன் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். நீதிபதியும் மனிதர்தானே, எண்பத்தெட்டு பத்தி எழுதும்போது எங்காவது கை தவறும்.

ஹெஸ்டருக்கு இதில் ஒரு தனி முறை. தீர்ப்பை அச்செடுத்து, கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்தியை நோக்கி, வரிக்கு அடியில் அடிக்கோல் வைத்துப் பின்னோக்கிப் படிப்பாள். முன்னிருந்து படித்தால் வாதத்தின் சுவை கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், பின்னிருந்து படித்தால் சொல் மட்டும்தான் தெரியும் என்பாள். இந்த முறையில் அவள் கோட்டைவிட்டதே கிடையாது.

வெற்றி என்பதைக் கடைசிப் பத்தியிலேயே பார்த்துவிட்டாள். எண்பத்தெட்டு, எண்பத்தேழு என்று இறங்கி வந்தாள். அறுபத்தொன்றில் அடிக்கோல் நின்றது.

"பொதுநலன் என்ற காரணம், கதவைத் தட்டும் முன்பே பத்திரிகையின் கையில் இருக்க வேண்டும். வழக்கு வந்த பிறகு தேடிப் பிடித்த காரணம், திரு. டாமினிக் ஸ்லேட் தம் வலைப்பதிவில் பொருத்தமாகச் சொல்வதுபோல, நனைந்த பிறகு வாங்கிய குடை."

ஹெஸ்டருக்குக் காதில் புகை வந்தது. அந்தக் கருத்து அவளுடையது! எட்டு வருடத்துக்கு முன் அவள் எழுதியது. "பொதுநலக் காரணத்தின் காலமும் ஆதாரமும்: சில குறிப்புகள்" என்று தலைப்பு. படித்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் பத்துப் பன்னிரண்டு முறை அவளே. ஆறு வருடம் கழித்து ஸ்லேட் அதே கருத்துக்கு ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். இப்போது அந்தக் குடை நீதிமன்ற ஏட்டில் ஏறிவிட்டது. இனி நூறு வருடம் கழித்தும் மாணவர்கள் படிப்பார்கள். அவள் அலுவலகத்தின் பெயர் தீர்ப்பின் முகப்பில் அடைப்புக்குறிக்குள் இருக்கும், எப்போதும்போல. ஹெஸ்டர் லாங்ரிட்ஜ் என்ற பெயர் எந்தத் தீர்ப்பிலும் இதுவரை வந்ததில்லை.

மறுநாள் மதியம், வழக்கை வாதாடிய ஜெர்வாஸ் போல் என்பவரை ஃப்ளீட் தெருப் பக்கத்தில் ஒரு சாண்ட்விச் கடையில் பிடித்தாள். அறுபது தாண்டியவர், யாரையும் கேலி செய்யாமல் அவரால் சாப்பிட முடியாது.

"அறுபத்தொண்ணு பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. குடை. ஜோர்."

"அந்தக் கருத்து என்னோடது, ஜெர்வாஸ். எட்டு வருஷம் முன்னாடியே எழுதிட்டேன்."

"எழுதினே. நான்கூடப் படிச்சேன். பாதி வரைக்கும்."

"விளையாடாதீங்க. திருத்தப் பட்டியல்ல ஒரு வரி போடலாம்ல?"

"அம்மா தாயே!" ஜெர்வாஸ் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "அந்தப் பட்டியல் கமா விட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு. எனக்கு மாலை போடலேன்னு சொல்றதுக்கு இல்ல. அதுவும் இந்த வழக்குக்கு நீதான் வக்கீல். நீ எழுதினதையே ஆதாரமா காட்டினா எதிர்க்கட்சிக்காரன் சும்மா இருப்பானா? அதனாலதான் வாதத்துல நான் உன் பேரை எடுக்கல. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறியே."

சொன்னது நியாயம். நியாயம் என்பதாலேயே அவளுக்கு இன்னும் எரிந்தது.

"சரி, சட்டம் நான் பார்த்துட்டேன். பேர் கசிஞ்சிருக்கான்னு நீ பாரு, வழக்கம்போல. திங்கள் மதியத்துக்குள்ள அனுப்பிடு," என்று ஜெர்வாஸ் எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "ஒழுங்கா பாரு, ஹெஸ்டர். குடையைப் பார்த்துட்டே நின்னுடாதே."

அவள் நின்றுவிட்டாள். சனிக்கிழமை உட்கார்ந்து எண்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தாள், அறுபத்தொன்றில் நின்றாள். எழுந்து போய்த் தன் பழைய குறிப்பை அச்செடுத்து மஞ்சளில் கோடு போட்டாள், ஸ்லேட்டின் குறிப்பை எடுத்துப் பச்சையில் கோடு போட்டாள். ஒன்பது இடம் ஒத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி எண்பத்தெட்டிலிருந்து வந்தாள், மறுபடி அதே இடம். அந்தப் பத்தியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. அதற்கு அந்தப் பக்கம் இன்னும் அறுபது பத்திகள் இருந்தன.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு, நேரம் போதாமல், கணினியில் டி.எச்.சின் பெயரையும் பள்ளியின் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடினாள். எதுவும் அகப்படவில்லை. அது போதும் என்று பட்டியலை எழுதினாள். ஒன்று, இருபத்திரண்டாம் பத்தியில் ஒரு கமா. அதை ஜெர்வாஸ் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். இரண்டு, எழுபதாம் பத்தியில் தேதி. மூன்றாவதை எழுத மட்டும் அவளுக்கு இருபது நிமிடம் பிடித்தது. அறுபத்தொன்றாம் பத்தியின் கருத்து இதற்கு முன்பே வேறொரு இடத்தில் வெளியானது என்றும், துல்லியம் கருதி மட்டுமே நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவருவதாகவும் எழுதி, தன் குறிப்பின் முகவரியைக் கொடுத்தாள். கடைசியில், "பெயர் மறைப்பு முழுவதும் சரிபார்க்கப்பட்டது" என்று போட்டாள்.

நான்கு மணிக்கு நீதிபதியின் கிளார்க்கிடமிருந்து பதில் வந்தது. நீதிபதி நன்றி தெரிவிக்கிறார். முதல் இரண்டு திருத்தங்களை ஏற்கிறார். அறுபத்தொன்றாம் பத்தி அப்படியே இருக்கும்.

செவ்வாய் காலை பத்தரை மணிக்குத் தீர்ப்பு வெளியாயிற்று, யாரும் இணையத்தில் திறந்து படிக்கலாம். "ஜெயித்துவிட்டோம்" என்று டி.எச்.சுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஹெஸ்டர் ஸ்லேட்டின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவன் எப்படி ஆடப்போகிறான் என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. குடைக்கு மெருகு ஏற்றுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

பத்து நாற்பத்துநான்குக்கு அவள் கைபேசி ஒலித்தது. ஸ்லேட். விருது வாங்கியவன்போலப் பெருந்தன்மையாகக் கைகுலுக்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். அடித்து ஓயட்டும் என்று விட்டாள். பத்து நாற்பத்தேழுக்கு மறுபடி அடித்தது, அதையும் விட்டாள். பத்து ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தாள்.

"வாழ்த்துகள், மிஸ்டர் ஸ்லேட்," என்றாள், குரலில் முடிந்த அளவு குளிர் ஏற்றி.

"ஹெஸ்டர், பதினாலாம் பத்தி. உடனே பாருங்க. நிருபரோட மெயிலைப் படமா ஒட்டியிருக்காங்க. அதுல பள்ளிக்கூடம் பேரு அப்படியே இருக்கு. ஊரும் இருக்கு."

அவள் காகிதத்தைப் புரட்டினாள். பதினாலாம் பத்தியின் கீழே சின்னதாக ஒரு படம், சாம்பல் நிறத்தில் நிருபரின் மின்னஞ்சல். படத்துக்குள் இருக்கிற எழுத்தைக் கணினி தேடாது. கண்தான் தேட வேண்டும். பள்ளியின் பெயர், ஊரின் பெயர், "தலைமையாசிரியை அவர்களுக்கு".

"கிளார்க்கைக் கூப்பிட்டேன், எடுக்கல. பொது முகவரிக்கு மெயில் போட்டேன். அவங்க நேர் நம்பர் உங்ககிட்டதான் இருக்கும்னு முதல்லயே அடிச்சேன், நீங்க எடுக்கல..."

"நீங்க... எழுதிட்டீங்களா?"

"எழுதி வெச்சிருக்கேன். போடல. இப்ப போட்டா ஜனம் மொத்தமும் போய் அந்தத் தீர்ப்பைத் திறக்கும். முதல்ல அவங்க எடுக்கட்டும், நான் நாளைக்குக்கூடப் போட்டுக்கிறேன். நீங்க கூப்பிடுங்க, வைக்கிறேன்."

அவன் கொஞ்சம் அயோக்கியனாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் அது தோன்றியதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கிளார்க்கை அழைத்தாள். பதினொன்று ஐந்துக்குத் தீர்ப்பை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முப்பத்தைந்து நிமிடத்தில் அதைத் திறந்தவர்கள் முப்பத்தொரு பேர் என்று பிற்பாடு சொன்னார்கள். அவள் எடுக்காமல் விட்ட அந்த எட்டு நிமிடம் மிச்சமாகியிருந்தால் அதில் ஒன்பது பேர் குறைந்திருப்பார்கள்.

பதினோரு வருடமாக இன்னும் பத்துப் பேர் படிக்க மாட்டார்களா என்று எண்ணிக்கையைப் பார்த்து ஏங்கியவள், ஒரு எண்ணைப் பார்த்து இது சின்னதாக இருக்கக் கூடாதா என்று மன்றாடியது அன்றுதான்.

மதிய இடைவேளையில் டி.எச்.சை அழைத்தாள். பின்னால் குழந்தைகளின் இரைச்சல் கேட்டது.

"கேக் வாங்கிட்டு வந்திருக்கேன்!" டி.எச். சிரித்துக்கொண்டே தொடங்கினாள். "டீச்சருங்க எல்லாம் சாப்பிடறாங்க. எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பொறந்தநாளான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

ஹெஸ்டர் சொன்னாள். இடையில் நிறுத்தாமல், தன் மேல் தவறு என்பதையும் சேர்த்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரைச்சல் நின்றது.

"எத்தனை பேர்?"

"முப்பத்தொரு பேர். திறந்தவங்க எல்லாரும் அந்தப் பத்தியைப் படிச்சாங்கன்னு இல்ல. உத்தரவு அப்படியேதான் இருக்கு, பத்திரிகையில யாரும் போட முடியாது."

"இந்த ஊர்க்காரங்க யாராவது?"

"தெரியாது. அது தெரிய வழியில்லைங்க."

"நீங்க பார்ப்பீங்கன்னு நினைச்சேன்," என்றாள் டி.எச். "அந்தப் பத்திரிகைக்காரன் பண்ணியிருந்தா திட்டியாவது தீர்த்திருப்பேன். மணி அடிக்கப் போகுது, நான் போகணும்."

எப்படி நேர்ந்தது என்று வியாழனுக்குள் எழுதித் தரச் சொன்னார் நீதிபதி. ஹெஸ்டர் உட்கார்ந்து காரணங்களை அடுக்கினாள். படமாக ஒட்டியதே நீதிபதியின் அலுவலகம்தான். எதிர்த்தரப்பும் பார்க்கவில்லை. ஜெர்வாஸும் பார்க்கவில்லை. அவகாசம் குறைவு, நடுவில் சனி ஞாயிறு. கணினியில் தேடியதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம் வந்தது, எல்லாமே உண்மை. படித்துப் பார்த்தாள். எல்லாமே செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் தேடிப் பிடித்தவை. நனைந்த பிறகு வாங்கிய குடை. சண்டாளன், எவ்வளவு பொருத்தமாகச் சொல்லியிருக்கிறான் என்று முதல் தடவையாக ஒப்புக்கொண்டாள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு நான்கு வரி எழுதினாள். தான் தீர்ப்பைக் கடைசியிலிருந்து படிப்பவள் என்றும், அறுபத்தொன்றாம் பத்தியில் திரு. ஸ்லேட்டின் பெயரைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டதாகவும், அதற்கு அப்பால் படிக்கவே இல்லை என்றும், முழுவதும் சரிபார்த்ததாக எழுதிக் கொடுத்தது பொய் என்றும் எழுதினாள். இதைப் படித்த ஜெர்வாஸ் தொலைபேசியில் கத்தினார். "பைத்தியமா உனக்கு? உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. உரிமமே போனாலும் போகும்!" அவள் அனுப்பிவிட்டாள்.

அடுத்த செவ்வாய் நீதிபதி ஒரு துணைத் தீர்ப்பு வெளியிட்டார். மொத்தம் ஐந்தே பத்தி. இரண்டாம் பத்தியில், தம் எழுத்தின் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தவறைச் சுட்டிக்காட்டிய திரு. டாமினிக் ஸ்லேட்டுக்கு நீதிமன்றத்தின் நன்றி. மூன்றாம் பத்தியில் அவள் இருந்தாள்.

"வாதியின் சொலிசிட்டர் மிஸ் ஹெஸ்டர் லாங்ரிட்ஜ் எனக்கு அனுப்பிய பட்டியலில் மூன்று திருத்தங்கள் இருந்தன. மூன்றாவது, 61ஆம் பத்தியில் யார் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது பற்றியது. 14ஆம் பத்தி பற்றி அதில் எதுவும் இல்லை. ஏன் என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்."

முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். பதினோரு வருடம் காத்திருந்த பெயர். அதைப் பார்த்ததும் அவள் மனதில் முதலில் ஓடியது, இதிலும் அவன்தான் முன்னால் என்பது. அப்புறம்தான் அழுதாள்.

அந்தரங்கம் பற்றி எந்தத் தீர்ப்பு வந்தாலும் அன்று மாலைக்குள் அவள் குறிப்பு வந்தாக வேண்டுமே. எழுதினாள். நீதிபதி என்ன சொன்னார், ஏன் சொன்னார், எல்லாம் வழக்கம்போல. வாதி இழந்தது என்ன என்று ஒரு பத்தி. தவறு செய்தவர் யார் என்ற இடத்தில் "நான்" என்று எழுதினாள். அடிக்கோலை எடுத்து, இத்தனை வருடத்தில் தான் போட்ட மிகப் பெரிய தலைப்பைத் திரையில் அளந்து, இந்தத் தலைப்பை அதே அளவுக்கு வைத்தாள். அடிக்குறிப்பு ஒன்றுகூடப் போடவில்லை.

ஸ்லேட் தன் பக்கத்தில் எதையும் எழுதாமல், "இதைப் படியுங்கள்" என்று மட்டும் போட்டு அவள் குறிப்புக்கு வழி காட்டியிருந்தான். பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. ஊருக்கெல்லாம் அடிக்கோல் வைத்து அளந்தவள் ஆயிற்றே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாள் காலைக்குள் ஒன்பதாயிரம் பேர் படித்திருந்தார்கள். ஸ்லேட் தன் வாழ்நாளில் எட்டாத எண்.

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஹெஸ்டர் எண்ணைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பது. கடற்கரையோரத்தில் இந்த நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒருத்தி நின்று, குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். குழந்தையைக் கொண்டுவந்து விடுகிற ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பாள், அந்த முப்பத்தொன்றில் இதுவும் ஒன்றா என்று. இன்றைக்குப் பார்ப்பாள், நாளைக்கும் பார்ப்பாள். திரையில் ஒன்பதாயிரத்து நூறு ஆயிற்று, ஒன்பதாயிரத்து இருநூறு ஆயிற்று. முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே இருந்தது.